முதலில் ஃபில்டர்

வேனைத் தள்ள ஏழு பேர் வந்தார்கள். மெக்கானிக் மஜீது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை வளைத்தபடி, "மெதுவா தள்ளு மாமு, பின்னாடி டிரான்ஸ்பார்மர் கீது" என்றார். பதினோரு மணிக்குப் பூ வண்டி வந்துவிடும். அது நிற்க வேண்டிய இடத்தை, முந்தின நாள் கயிறு கட்டி இழுத்து வந்து விட்ட அந்த வெள்ளை வேன் அடைத்துக்கொண்டிருந்தது. வேனின் சொந்தக்காரர் பக்தவச்சலம் வீட்டுக்குள் ஐஸ் பெட்டியில் இருந்தார்.

அவருடைய மகன் எழிலனும் ஒரு கை கொடுக்கத்தான் வந்தான். பெரியப்பா திருமலை அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் கையை எடுத்துக்கொண்டு சாமியானா கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான். வாசலில் இருந்து மகிழினி அதைப் பார்த்தாள். தம்பி நேற்றுப் போட்ட சட்டையையே போட்டிருந்தான்.

நேற்றுக் காலை நடந்தது வியாசர்பாடியில் அந்தச் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. பக்தவச்சலத்துக்கு நெஞ்சுவலி வந்தபோது மணி பத்து. ஆம்புலன்ஸ் வர அரை மணி ஆகும் என்றார்கள். வாசலில் வேன் நின்றது. எழிலன் ஓட்டினான், அம்மா சொக்கம்மாள் முன்னால் உட்கார்ந்தாள், பின் இருக்கையில் மகிழினியின் மடியில் அவர் தலை. பேசின் பிரிட்ஜ் மேம்பாலத்தின் ஏற்றத்தில் வேன் இரண்டு தடவை குலுங்கியது, மூன்றாம் தடவை நின்றது. எழிலன் சாவியைத் திருப்பினான். திருப்பிக்கொண்டே இருந்தான். கடைசியில் பேட்டரியும் செத்து, சாவியைத் திருகினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. ஓர் ஆட்டோ கிடைக்க இருபது நிமிடம். ஆஸ்பத்திரியில் டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டு நேரத்தை எழுதிக்கொண்டார். சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எழிலன் கேட்டதற்கு, அதைச் சொல்ல முடியாது என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலத்துக்குள் சந்து தீர்ப்பு எழுதிவிட்டது. பையன் பதறிவிட்டான், பேட்டரியைத் தீர்த்துவிட்டான். திருமலை எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "ஊரான் வண்டிக்கெல்லாம் உசுரு குட்த்தவன் என் தம்பி. அவன் பெத்ததுக்கு ஒரு வண்டிய பாலம் ஏத்தத் தெரில." நேற்றிலிருந்து அம்மா எழிலனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கொடுத்த காபியை வாங்கிக் கீழே வைத்தாள். அது ஆறி ஏடு கட்டிக் கிடந்தது.

வேன் நின்றது எதனால் என்று மகிழினிக்குத் தெரியும்.

வண்ணாரப்பேட்டையில் கார் உதிரி பாகம் விற்கும் கடையில் பதினொரு வருடமாக அவள் கவுன்ட்டரில் நிற்கிறாள். கிளீனர் பாட்டில்கள் வரிசையாக அடுக்கிய அலமாரி அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். எல்லாம் ஒன்றுதானே, எதையாவது கொடு என்று கேட்பவர்களை அவள் விடமாட்டாள். டேங்கில் ஊற்றுவது சோப்பு மாதிரி. பெட்ரோலோடு கலந்து அது போகிற வழியெல்லாம் போய், இன்ஜெக்டர் வாயில் படிந்த கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும், ஒரு டேங்க் தீரும்வரை பொறுக்க வேண்டும் என்பாள். மழையில் முழுகின வண்டி என்றால் வேறு பாட்டில். அதில் இருக்கிற ஆல்கஹால் அடியில் தங்கின தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு எரிந்து போகும். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்கிற புது இன்ஜின்களில் வால்வை பெட்ரோல் தொடுவதே இல்லை. டேங்கில் எதை ஊற்றியும் பிரயோஜனமில்லை, காற்று போகிற வழியில் ஸ்ப்ரே அடிக்க வேண்டும். அடைப்பு முற்றிப் போனவர்களை அவள் தண்டையார்பேட்டைக்கு அனுப்பிவிடுவாள். அங்கே அப்பாவும் மஜீதும் வைத்திருந்த பட்டறையில் டேங்கின் குழாயை விலக்கிவிட்டு, அழுத்தத்தில் கிளீனரையே ஏற்றி இன்ஜினை அரை மணி நேரம் அதிலேயே ஓட விடுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் இன்ஜெக்டர்களைக் கழற்றி மெஷினில் போடுவார்கள். ஒலியில் பிறக்கும் பொடிப்பொடிக் குமிழிகள் உடைந்து உடைந்து கரியைப் பெயர்க்கும்.

இவ்வளவும் சொல்லி முடித்து, பழைய இரும்பு டேங்க் வண்டிக்காரர்களுக்கு மட்டும் இன்னொன்றும் சொல்வாள். முதலில் டேங்கைக் கழுவுங்கள், ஃபில்டரை மாற்றுங்கள், அப்புறம் ஊற்றுங்கள். இல்லையென்றால் இருபது வருட அழுக்கு ஒரே நாளில் கிளம்பிவிடும்.

அப்பா இரண்டு மாதமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீட்டில் இருந்தார். பழைய இரும்பு டேங்க் வைத்த வேன் புகைந்தது, இழுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கடையில் இருந்து அவள் ஒரு பாட்டில் எடுத்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மஜீது மாமாவைக் கூப்பிட்டு ஃபில்டர் மாற்றிக்கொள்ளலாம், அதுவரை யார் வண்டியை எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். ஊற்றினாள். புதன்கிழமை மாலை எழிலன் அதை அரிசி மண்டிக்கு எடுத்துப் போய் வந்தது அவளுக்கு அப்போது தெரியாது. மறுநாள் வியாழன், அப்பாவுக்கு வலி வந்தது.

வேனை ஓரம் கட்டிய பிறகும் மஜீதால் உட்கார முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் படுத்து ஃபில்டரைக் கழற்றினார். அதில் இருந்ததை ஒரு தயிர் டப்பாவில் ஊற்றிப் பார்த்தார். டீ டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது, அடியில் துருப்பொடி. மோந்து பார்த்தார். தலையை நிமிர்த்தி வாசலைப் பார்த்தார். மகிழினி இறங்கிப் போனாள்.

ஊற்றினாயா என்று அவர் கேட்கவில்லை. "எவ்ளோ ஊத்துன?" என்றார்.

"முழு பாட்டிலு."

"டேங்க்ல எவ்ளோ இருந்துச்சி?"

"காலு."

முழு டேங்குக்கு உண்டானது அந்த பாட்டில். மஜீது டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்தார். கையைத் துடைத்துக்கொண்டே தாழ்ந்த குரலில், "யாராண்டயும் சொல்லாத. பம்பு பூட்ச்சினு நா சொல்லிக்கிறேன்" என்றார்.

அவர் அதைச் சொல்லவும் செய்தார். திருமலை கேட்டுக்கொண்டார். பம்ப்பு போனது போகட்டும், இவன் எதற்காகப் பேட்டரியைத் தீர்த்தான், வேறு வண்டிக்காரன் பம்ப்பைத் தட்டிவிட்டாவது கிளப்பியிருப்பானே என்று திருப்பிக் கேட்டார்.

புத்த விகாரையிலிருந்து ரமாபாய் டீச்சர் வந்தார். தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றி, கூடியிருந்தவர்களைப் பஞ்சசீலம் சொல்ல வைத்தார். அவர் ஒரு வரி சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். உயிரைக் கொல்வதைத் தவிர்ப்பேன், கொடுக்காததை எடுப்பதைத் தவிர்ப்பேன். மகிழினியும் கைகூப்பிச் சொன்னாள். நான்காவது வரி பொய் பேசுவதைத் தவிர்ப்பது. அதையும் மற்றவர்களோடு சேர்ந்து, அதே குரலில் சொன்னாள். ஐந்தாவது வரி வந்தது.

பாடையைத் தூக்க ஆள் நிறுத்தும்போதுதான் அது நடந்தது. எழிலன் தலைமாட்டுக்கு வந்தான். திருமலை அவன் தோளில் கை வைத்து விலக்கினார்.

"நீ பின்னாடி வா. அவன ஒருவாட்டி எட்த்துக்கினு போனது போதும்."

எழிலன் பின்னால் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரிப்பா, அவன் மேல தப்பில்ல" என்றாள் மகிழினி. "நாந்தான் டேங்க்ல கிளீனர் ஊத்துனேன். ஃபில்டர் மாத்தாம ஊத்திட்டேன்."

கூட்டத்தில் யாருக்கும் அது புரியவில்லை. பிணத்தை வைத்துக்கொண்டு வண்டிக் கதை பேசுகிற நேரமா என்று யாரோ முனகினார்கள். "இன்னாம்மா சொல்ற நீ?" என்றார் திருமலை.

ஆகவே அவள் விளக்க வேண்டி வந்தது. கவுன்ட்டரில் சொல்வது போலவே சொன்னாள். அவளுக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. அந்த மருந்து அழுக்கைக் கரைக்கும். இன்ஜெக்டரில் இருப்பதை மட்டும் இல்லை, டேங்க் அடியில் இருப்பதையும் கிளப்பிவிடும். கிளம்பினதெல்லாம் ஃபில்டரில் வந்து அடைக்கும். சமதரையில் வண்டி ஓடிவிடும். பாலம் ஏறும்போது இன்ஜின் அதிகப் பெட்ரோல் கேட்கும், அப்போது கிடைக்காது. "பேட்டரி இருந்திருந்தாலும் அது கெளம்பிருக்காது. அவன் இல்ல, யாரு ஓட்டிருந்தாலும் அங்கதான் நின்னுருக்கும்."

மஜீது வேன் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அம்மா நிமிர்ந்தாள். "ஒங்க நைனாக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

பாலத்தில் அம்மாவும் எழிலனும் இறங்கி ஓடி ஆட்டோக்களை மறித்துக்கொண்டிருந்தபோது வேனுக்குள் மகிழினியும் அப்பாவும்தான் இருந்தார்கள். அப்பா கண்ணைத் திறக்காமல், மூச்சுக்கு நடுவே கேட்டார். வண்டி குலுங்கின விதத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"எதுனா ஊத்துனியானு கேட்டாரு நைனா" என்றாள் மகிழினி. "இல்லன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"சரின்னாரு."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பூ வண்டிக்காரர் ஒரு தடவை ஹார்ன் அடித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார்.

அம்மா எழுந்தாள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததில் கால் மரத்திருந்தது, கதவைப் பிடித்துக்கொண்டாள். "எழிலா" என்றாள். "தலமாட்ட நீ புடி." திருமலை விலகி இடம் விட்டார். தூக்கினார்கள்.

மேளம் சந்து திரும்பி, சத்தம் தேய்ந்து போன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஒவ்வொருவராகப் பின்கட்டில் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். சாவு வீட்டுக் கூட்டத்தில் லாரித் தண்ணீர் தீர்ந்திருந்தது. அம்மாவின் முறை வந்தபோது டிரம்மை வழித்து எடுத்ததில் ஒரு வாளிதான் தேறியது. அவளுக்குப் பிறகு மிச்சம் இருந்தவள் மகிழினி மட்டும். அவள் சுவரோரம் துண்டோடு நின்றாள். போர் பம்பில் வருகிற உப்புத் தண்ணீரில் குளித்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அம்மா கல்லில் உட்கார்ந்து, புடவையோடு, தலையில் ஊற்றிக்கொண்டாள். நிதானமாக, ஒவ்வொரு சொம்பாக. நெற்றியை அழுத்தித் தேய்த்தாள். பிறகு சொம்பை வாளிக்குள் போட்டுவிட்டு எழுந்தாள். முந்தானையைப் பிழிந்தாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. வாளியைக் காலால் அவள் பக்கமாக நகர்த்திவிட்டு உள்ளே போனாள்.

வாளியில் பாதித் தண்ணீர் இருந்தது. நகர்த்தியதில் அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.