பகல் கரண்ட்

விடியுமுன்னே கல்லுடைக்கும் கிரஷரில் ஜல்லி சுமக்கத் தொடங்கிய தீர்த்தம்மாளுக்குப் புருவம்கூட வெளுத்துவிட்டது. பாப்பாரப்பட்டி ரோட்டில் போகிறவர்கள், பவுடர் பூசிக் கல்யாணத்துக்குக் கிளம்பியவள் என்பார்கள். தூசியை அடக்கத் தண்ணீர்க் குழாய் உண்டு. அதிகாரி வரும் நாளில் மட்டும் அதற்கு உயிர் வரும்.

காலை ஆறு மணிக்கு முதலாளி வீரமணி, வேலையாட்கள் குடியிருக்கும் லைன்வீடுகளின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். வீட்டில் ஃபேன் ஓடினால் எவன் வேலைக்கு வருவான் என்பது அவருடைய தத்துவம். அன்றும் பிடுங்கினார்.

இருபது வருஷம் இதே தூசியைத் தின்ற அவள் புருஷன் மாதேஸ்வரன் வீட்டில் மாஸ்க்கோடு கிடந்தான். காற்றைத் தள்ளி மூச்சுவிட வைக்கும் சின்ன மிஷின் அது. "ராத்திரி மட்டும் பத்தாது, இனி பகல்லயும் மாட்டணும்" என்று டாக்டர் நேற்றுத்தான் சொல்லியிருந்தார். அந்த மாஸ்க் இருக்கிற மூச்சையும் உறிஞ்சிவிடும் என்று லைன் முழுக்கப் பரப்பியவள் பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள்.

தீர்த்தம்மாள் கூடையை எறிந்துவிட்டு ஆபீசுக்குப் போனாள்.

"ஃபியூஸப் போடுங்க மொதலாளி. அவருக்கு மூச்சு வாங்குதுங்க."

"படுத்துக் கெடக்கறவனுக்கு என் கரண்டா? பீடி குடிச்சு நெஞ்சக் கெடுத்துக்கிட்டா நானா பொறுப்பு?"

"அவரு பீடியத் தொட்டதே இல்லீங்க. உங்க தூசியத்தான் தொட்டாரு."

"வாய் நீளுதா? சாயங்காலத்துக்குள்ள வூட்டக் காலி பண்ணு."

ஜன்னலடியில் ஒட்டுக்கேட்ட குள்ளம்மாள் வேலையாட்களிடம் ஓடினாள். பிறந்ததிலிருந்து முதல்முறையாக, கண்ணும் மூக்கும் வைக்காமல் ஒரு சேதியைக் கேட்டபடியே சொன்னாள்.

கிரஷர் ஓட்டும் அல்தாப் சுவிட்சை அணைத்தான். காது வலிக்கிற அமைதி. நாலு பேர் மாதேஸ்வரனைக் கட்டிலோடும் மிஷினோடும் தூக்கி வந்து ஆபீசுக்குள் இறக்கினார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. வேலையாட்களை உளவு பார்க்கும் கேமரா டிவியின் பிளக்கைப் பிடுங்கி, அல்தாப் மிஷினைச் செருகினான். மாதேஸ்வரனின் நெஞ்சு மெல்ல ஏறி இறங்கியது.

"போலீசக் கூப்புடுவேன்!"

"கூப்புடுங்க. தூசியையும் பாத்துட்டுப் போகட்டும்," என்றான் அல்தாப்.

"பகல்லயும் கரண்ட் வேணும், கல்லுக்குத் தண்ணி வேணும். அதுவரைக்கும் கூடையத் தொட மாட்டோம்," என்றாள் தீர்த்தம்மாள்.

வீரமணி போனை எடுத்தார். வாசற்படியில் குள்ளம்மாள் உட்கார்ந்தாள். அடக்கி அடக்கி வைத்திருந்த இருமல் பீறிட்டது. ஊர் ரகசியமெல்லாம் அவிழ்த்தவள் தன்னுடையதை ஆறு மாசமாக முந்தானைக்குள் பொத்தி வைத்திருந்தாள்.

"அடுத்த மாஸ்க் எனக்குத்தானுங்க மொதலாளி. அதுக்கும் ஒரு பிளக் பாத்து வையுங்க."

யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவள் பக்கத்தில் வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள்.