நாவலடிக்கு முந்நூறு டிக்கெட்

எங்கள் நாவலடி ரயில் தரிப்பை இப்போது கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தெட்டிலேயே அங்கே கோச்சி, அதுதான் ரயில், ஏற வந்தவர்களைவிட, பெயர்ப்பலகையில் முதுகு சொறிய வந்த யானைகள்தான் அதிகம். ஆள் இறங்காத தரிப்பை மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். நேரில் பார்த்துக் கடைசி முடிவெடுக்க ரயில்வே இன்ஸ்பெக்டர் தில்லையம்பலம் மாங்குளத்தில் காலைக் கோச்சி ஏறி வருவதாக ஏற்பாடு.

விடுவோமா? விடியுமுன் ஊர் முழுக்க வண்டில் கட்டி மாங்குளம் போனோம், அதே கோச்சியில் வந்து நாவலடியில் இறங்கிக் காட்டுவதற்கு. வெறுங்கையோடு கோச்சி ஏறுவது எங்களுக்கு மரியாதையில்லை. கமலாசனி அக்கா எருமைத்தயிர் முட்டிகளோடு வந்தா. அன்ஸார் காக்கா ஆட்டுப்பட்டியையே சாய்த்து ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரு பலாப்பழத்துக்குத் தனி இருக்கை கொடுத்தோம், அவ்வளவு பெரிது.

மணி அடித்தபோது இன்ஸ்பெக்டர் ஓடிவந்தார். எந்தப் பெட்டியிலும் கால்வைக்க இடமில்லை.

"தள்ளி இருங்கோ, நான் ஏறவேணும்!"

"எங்கை ஐயா தள்ளுறது? நானே ஆட்டின்ரை மடியிலை இருக்கிறன்" என்றார் அன்ஸார் காக்கா.

"எல்லாரும் எங்கை போறியள்?"

"நாவலடிக்கு!" என்றன முந்நூறு தொண்டைகள்.

கோச்சி அசைந்தது. இன்ஸ்பெக்டர் கூடவே ஓடினார்.

"ஐயோ, அதை மூடமாட்டம்! இன்னொரு பெட்டியும் கொழுவச் சொல்லுறன், என்னை ஏத்துங்கோ!"

கமலாசனி அக்கா அவரை யன்னலால் இழுத்தா. தலை உள்ளே, கால் வெளியே என்றுதான் அவர் நாவலடி வந்துசேர்ந்தார்.