மார்லிஸ் நட்ட கம்புகள்

ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும் மார்லிஸ் ஹாகென் டேப் ரெக்கார்டருக்கு முன்னால் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மலையின் நிலவரத்தைச் சொல்வாள். எந்தப் பாதையில் எத்தனை அடி பனி, எந்த முகாமில் கூடாரம் போடலாம், எந்த ஓடையைத் தாண்ட முடியாது. டக்கோமாவிலிருந்தும் சியாட்டிலிலிருந்தும் கால்டர் பூங்காவுக்கு வர ஆசைப்படுகிறவர்கள் போன் போட்டால் அந்தக் குரல்தான் கேட்கும். பதினான்கு வருடம் ரேஞ்சராக இருந்தவளின் குரலில் சந்தேகம் என்பது மருந்துக்கும் இருக்காது. தப்பாகச் சொன்னாலும் அடித்துச் சொல்லும் குரல் சிலருக்கு வாய்க்கும். இவளுக்கு வாய்த்திருந்தது.

1993 மே மாதத்தில் அந்தக் குரலை நம்பித்தான் ஆர்வில் என்ற ஓய்வுபெற்ற தபால்காரரும் அவருடைய மருமகன் வெண்டலும் ஃபின் ஏரி முகாமுக்கு ஏறினார்கள். கீழே நகரத்தில் ரோஜா பூத்துவிட்டது. மேலே ஏரிக்கரையில் இன்னும் ஆறடிப் பனி. சனிக்கிழமை மத்தியானம் மார்லிஸ் ரோந்து வந்தபோது வெண்டல் கூடாரத்துக்குள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். பனிக்குள் புதைந்திருந்த ஒரு மரத்தைச் சுற்றி மறைந்திருந்த குழியில் இடுப்புவரை இறங்கி, காலைத் திருகிக்கொண்டிருந்தான். முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது.

அவள் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசியதுமே ஆர்வில் முகம் மலர்ந்தார்.

"அட, போன்ல பேசுற அம்மா நீங்கதானா! நாலு வாட்டி போட்டுக் கேட்டேன். 'ஃபின் ஏரிப் பாதையில் கம்பு நட்டு அடையாளம் இட்டிருக்கிறது'ன்னு சொன்னீங்களே, சத்தியமா அப்படியே இருந்துச்சு."

"நான் நட்டதுதான்" என்றாள் மார்லிஸ். பெருமையை மறைத்துக்கொள்ள அவளுக்கு ஒருநாளும் தெரியாது.

அந்தக் கம்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனி மூடிய மலையில் பாதை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஆரஞ்சுத் துணி கட்டிய மூங்கில் கம்புகளை முப்பது அடிக்கு ஒன்றாக நட்டுக்கொண்டே போவார்கள். பனி உருக உருக, வழி மாற மாற, கம்பையும் மாற்றி நட வேண்டும். அந்த வரிசைக்குக் கோடு என்று பெயர். கால்டர் ரேஞ்சர்களிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது: ஒருவர் நட்ட கம்பை நட்டவர்தான் பிடுங்கலாம். அடுத்தவர் கம்பில் கை வைப்பது அடுத்தவர் சட்டைப்பையில் கை விடுகிற மாதிரி.

நாலு மணிக்கு அவள் ரேடியோவில் அலுவலகத்தைக் கூப்பிட்டாள். லோர்னா எடுத்தாள்.

"ஒரு ஆளுக்குக் கால் போச்சு, லோர்னா. சறுக்குவண்டி வேணும். நடக்க முடியாது அவனால."

"இன்னைக்கு முடியாதுடி. நாளைக்கு விடியக்காலை ஆறு மணிக்கு உன் வீட்டுக்காரரே கிளம்புறாராம், கூட மூணு பேரு. கோடு எப்படி இருக்கு?"

"நல்ல கோடு" என்றாள் மார்லிஸ்.

எல்லா ரேஞ்சரும் சொல்கிற பதில் அது. கோடு எப்படி என்று கேட்டால் நல்ல கோடு. சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம் என்பதைப்போல் வாய் தானாகச் சொல்லிவிடும். ரேடியோவை வைத்துவிட்டு அடுப்பில் பனியைப் போட்டு உருக்கினாள். அது உருகிக் குமிழியிடுகிற சத்தம் கேட்டபோதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

காலையில் வரும் வழியில், ரேவன் ஓடையைத் தாண்டுகிற இடத்தில், இதே சத்தத்தைக் காலுக்கடியில் கேட்டிருந்தாள். குளிர்காலமெல்லாம் பாறையாக இறுகி ஓடைக்கு மேலே கிடக்கும் பனிப்பாலத்தை மே மாதத்தில் தண்ணீர் அடியிலிருந்து அரித்துவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவள் கோடு நேராக அந்தப் பாலத்தின் மேல் போயிற்று. மார்ச்சில் அது சரியான வழி. இப்போது நாலு பேர் கனமான வண்டியோடு ஏறினால் அப்படியே உள்ளே போவார்கள். கீழே இருபதடி ஆழத்தில் கல்லும் ஐஸ் தண்ணீரும். சத்தத்தைக் கேட்டவள் என்ன செய்தாள்? மேலே ஐம்பதடி தள்ளிப்போய் ஒரு விழுந்த மரத்தின் மேல் தாண்டினாள். கம்புகளைத் திரும்பும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மேகம் இறங்குவதற்குள் முகாமுக்கு வந்துவிடும் அவசரம்.

பாய்ந்து ரேடியோவை எடுத்தாள். இரைச்சல் மட்டும் வந்தது. சிகரத்தில் இருந்த ரேடியோ கோபுரத்தில் ஐஸ் கட்டிவிட்டால் இப்படித்தான். உருகி விழும்வரை மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை போகாது. "லோர்னா, லோர்னா" என்று அரை மணி நேரம் கத்தினாள். வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது.

விடிந்தபோது உலகமே காணாமல் போயிருந்தது. கூடாரத்தின் வாயைத் திறந்தால் வெள்ளை. மேலே எது, கீழே எது என்று தெரியாத வெள்ளை. கையை நீட்டினால் கையுறை தெரிந்தது, அவ்வளவுதான். ஈரப்பனி கூடாரத்தை நாலு பக்கமும் அமுக்கி, மூன்று பேர் உட்கார்ந்த இடம் ஒன்றரைப் பேர் உட்காருகிற இடமாகிவிட்டது. ஒரு மணிக்கொருதரம் வெளியே போய் வெட்டித் தள்ளாவிட்டால் கூரை மூக்கில் வந்து உட்கார்ந்தது.

மணி ஆறு. அவள் புருஷன் எய்னோ கிளம்பியிருப்பான். பத்து மணிக்கு ஓடை. பதினொன்றுக்கு இங்கே.

அவள் இருவரிடமும் சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. தன் புருஷனும் இன்னும் மூன்று பேரும் தன் வாய்வார்த்தையை நம்பி ஓடைக்குள் விழ வந்துகொண்டிருக்கிறார்கள் என்றாள்.

வெண்டல் முழங்காலிலிருந்து கையை எடுத்தான்.

"அப்ப நேத்து நாங்க அந்தப் பாலத்து மேலதானே வந்தோம்?" என்றான் வெண்டல்.

"ஆமா."

"மாமா, நீங்க அது நடுவுல நின்னு போட்டோ எடுத்தீங்க."

"நீதான்டா மாப்ளே நில்லுங்க நில்லுங்கன்னே! உனக்கு என்மேல அப்படி என்ன வர்மமோ."

"பின்னே, கோயில் காளை மாதிரி ஒரு ஆளு நிக்கிறாரு, பாலம் தாங்குதான்னு பாக்க வேணாமா?"

வேறு சமயமாக இருந்தால் மார்லிஸ் சிரித்திருப்பாள். ஆர்வில் அவள் பக்கம் திரும்பினார். "போய்ச் சொல்லிட்டு வந்துர முடியாதா, ரேஞ்சரம்மா?"

"அடிபட்டவரை விட்டுட்டு இந்த வெள்ளையில நான் போகக்கூடாது. சட்டம்."

"சட்டம் கிடக்கட்டும்மா. முடியுமா முடியாதா?"

காலை எட்டு மணிக்கு மேகம் கொஞ்சம் விலகும் என்று காத்திருந்தாள். எப்போதும் விலகும். அன்று விலகவில்லை. எட்டேகாலுக்குக் கயிற்றின் ஒரு நுனியைக் கூடாரத்துக்குப் பக்கத்து மரத்தில் கட்டி, மறுநுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினாள். முதல் கம்பு கிடைத்தது. இரண்டாவது கம்பைக் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டாள். மூன்றாவது கிடைக்கவில்லை. கயிறு அங்கேயே தீர்ந்துவிட்டது. கயிற்றை அவிழ்த்துவிட்டுத் திசைகாட்டியைப் பார்த்து நடந்தாள். திசைகாட்டி வடக்கைக் காட்டும். அடுத்த அடியில் பனிவிளிம்பு உடைந்து தொங்குகிறதா என்று காட்டாது. அந்தக் கோட்டுக்கு இடது பக்கம் முந்நூறு அடி பள்ளம் என்பதை நட்டவளைவிட யார் அறிவார்? முக்கால் மணி நேரம் தவழ்ந்தாள். எதிரில் யாருடைய கால்தடமோ தெரிந்து நெஞ்சு துள்ளிற்று. குனிந்து பார்த்தால் அது அவளுடையதே. சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்திருந்தாள்.

மரத்தடியில் முழங்காலிட்டு வாய்விட்டு அழுதாள். பூங்காவில் அவள் அழுது பார்த்தவர்கள் கிடையாது. அன்றும் யாரும் பார்க்கவில்லை.

இன்னொரு வழி இருந்தது. முகாமுக்குப் பின்னால் காட்டுக்குள் புகுந்து, மரத்துக்கு மரம் கண்ணுக்குத் தெரிய, ஓடையின் தலைமாட்டைச் சுற்றிக்கொண்டு போகிற வழி. விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி மூன்று மணி நேரம். ஆறு மணிக்கே அந்த வழியில் கிளம்பியிருந்தால் ஒன்பதுக்கு ஓடை. இப்போது மணி ஒன்பதரை. பத்து மணிக்குப் பாலத்தில் கால் வைக்கிறவனிடம் பன்னிரண்டரைக்குப் போய் என்ன சொல்வது?

கூடாரத்துக்குள் வந்து உட்கார்ந்தாள். ஆர்வில் ஓட்ஸ் கஞ்சியை நீட்டினார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணி ஆயிற்று. தொண்டை கிழிய விசில் ஊதினாள். பனி அந்தச் சத்தத்தைப் பஞ்சு மாதிரி விழுங்கிவிட்டது. பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. பதினொன்றுக்கு அவர்கள் வந்திருக்க வேண்டும்.

"பனியில நேரம் கூடத்தானேம்மா ஆகும்" என்றார் ஆர்வில்.

"ஆகும்."

"எங்கயாவது ஒதுங்கி நின்னிருப்பாங்க."

"கோடு இருக்கும்போது யாரும் ஒதுங்க மாட்டாங்க. அதுக்குத்தானே கோடு."

வெண்டல் கண்ணை மூடிக்கொண்டான். மார்லிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். எய்னோவுக்கு நாற்பத்தாறு வயது. நீந்தத் தெரியும். ஐஸ் தண்ணீரில் நீந்தத் தெரிந்து என்ன? வண்டியின் வாரை இடுப்பில் மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வருவது அவன் வழக்கம். முதலில் போகிறவனும் அவன்தான். தான் கொன்றுவிட்டோம் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. அதைத் தெரிந்துகொண்டு எங்கும் ஓட முடியாமல், முட்டிக்கு முட்டி இடிக்க, அந்தத் துணிக்கூண்டுக்குள் இரண்டு அந்நியர்களோடு அவள் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

பன்னிரண்டரைக்கு வெள்ளை கொஞ்சம் விலகிற்று. இருபதடி தெரிந்தது. அவள் எழுந்து காலணி வாரைக் கட்டத் தொடங்கினாள்.

"நான் போறேன். பிணத்தையாவது எடுக்கணும்."

ஆர்வில் தடுக்கவில்லை. தன்னுடைய உலர்ந்த கையுறையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

அவள் வெளியே வந்து முதல் கம்பை நோக்கி நாலடி வைத்திருப்பாள். பின்னால், காட்டுப் பக்கமிருந்து, ஒரு விசில் கேட்டது.

திரும்பினாள். மரங்களுக்கு நடுவிலிருந்து, தாடியெல்லாம் ஐஸ் தொங்க, வாரை இழுத்துக்கொண்டு எய்னோ வந்தான். அவனுக்குப் பின்னால் வண்டி. வண்டிக்குப் பின்னால் மூன்று பேர். மார்லிஸ் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். நாலு பேர்தான்.

ஓடிப்போய் அவன் மார்பில் இரண்டு கையாலும் குத்தினாள். அப்புறம் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட மறுத்தாள்.

"ஏய், என்னடி ஆச்சு உனக்கு? கால் உடைஞ்சது அந்த ஆளுக்குத்தானே?"

"பாலம் கீழே அரிச்சுப் போச்சு, எய்னோ. எனக்குத் தெரியும். தெரிஞ்சே நல்ல கோடுன்னு சொல்லிட்டேன். வாய் தவறிச் சொல்லிட்டேன்."

"சரி விடு."

"நீ செத்துட்டேன்னு நெனச்சேன்."

"அதான் சாகலையே."

அவள் அவனை விட்டுவிட்டு, அவன் வந்த தடத்தைப் பார்த்தாள். அது ஓடைப் பக்கமிருந்து வரவில்லை. காட்டுக்குள்ளிருந்து வந்தது.

"ஏன் கோட்டு வழியா வரலே?"

எய்னோ குனிந்து வாரை அவிழ்ப்பதில் மும்முரமானான். மற்ற மூன்று பேரும் சட்டென்று கூடாரத்தின் மேலிருந்த பனியைத் தள்ளப் போய்விட்டார்கள். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் அப்படி ஒரு வேலை வந்ததைப் பார்த்ததும் மார்லிஸுக்குப் பாதி புரிந்தது.

"கேக்கறேன்ல?"

"இந்தக் கோட்டுல நாங்க வர்றதில்லை, மார்லிஸ்."

"எந்தக் கோட்டுல?"

"நீ நடுற கோட்டுல."

"எத்தனை நாளா?"

அவன் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினான். "கல்யாணத்துக்கு மறுவருஷம் மே மாசம், கெட்டில் பள்ளத்துல, உன் கம்பைப் பிடிச்சுப் போய் இடுப்பளவு தண்ணில நின்னேன். மாத்தி நட மறந்துட்டே. அதுலேருந்து பத்து வருஷம். உன் கம்புல நான் கை வைக்கக் கூடாது. அந்த வழியா நடக்காம இருக்கலாமில்லே?"

பத்து வருடமாக அவளுடைய கோட்டில் வர வேண்டிய இடத்துக்கெல்லாம் அவன் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து சேர்வான். அவனை நத்தை என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் முன்னால் கிண்டல் செய்திருக்கிறாள். அவனும் சிரித்திருக்கிறான். கூடச் சிரித்த இந்த மூன்று பேருக்கும் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரிந்தே இருந்திருக்கிறது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சொன்னா நீ ஒரு மாசம் பேசமாட்டே. ரெண்டு மணி நேரம் கூட நடக்கிறது எனக்குச் சுலபமா இருந்துச்சு."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரியும். தெரிந்ததுதான் அதிகமாக வலித்தது.

வெண்டலை வண்டியில் கிடத்திக் கட்டினார்கள். ஆர்வில் அவளிடம் வந்து, மாப்பிள்ளையும் தானும் உயிரோடு வீடு போவது அவளால்தான் என்று உண்மையிலேயே நம்பி, இரண்டு கையையும் பிடித்து நன்றி சொன்னார். இறங்குகிற வழியெல்லாம் எய்னோ முன்னால் போனான். மார்லிஸ் கடைசி ஆளாக, அவன் கால் வைத்த குழிகளிலேயே கால் வைத்து நடந்தாள். அவன் உயிரோடு இருக்கிறான், இதோ பத்தடி முன்னால் மூச்சு வாங்க நடக்கிறான் என்று ஒவ்வொரு அடிக்கும் சந்தோஷமாக இருந்தது. அந்த முதுகு தன்னை நம்பியிருந்தால் இந்நேரம் ஓடைக்குள் கிடந்திருக்கும் என்பதும் ஒவ்வொரு அடிக்கும் ஞாபகம் வந்தது. கீழே போய்ச் சேர ஆறு மணி நேரம் இருந்தது. வேறு வழி கிடையாது.