இரண்டு முறை ஓடிய பந்தயம்

விடிந்ததும் விடியாததுமாகக் கனகாவுக்குத் தலைவலி தொடங்கிவிட்டது. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் அந்தக் கல்லூரியில் இருபது வருடம் பயிற்சியாளராக மைதானத்து வெயிலில் வெந்தவளை, இந்த ஜூனில்தான் விளையாட்டுத் துறை இயக்குநராக்கி உள்ளே உட்கார வைத்தார்கள். தனி அறை, ஏ.சி., கதவில் பெயர்ப்பலகை. கூடவே ஓயாத மீட்டிங். அங்கே ஓட்டத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். பொன்னாடை யாருக்கு, விளக்கேற்றும்போது மெழுகுவர்த்தியை யார் நீட்டுவது, இதுதான் பேச்சு. பதவி வந்தால் பிள்ளைகளுக்கு நாலு நல்லது செய்யலாம் என்று நம்பித்தான் அவள் அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டாள். அதை நினைத்தால் அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

அன்று கல்லூரிகளுக்கு இடையிலான தடகளப் போட்டி. நடத்துவது இவர்கள்தான், பொறுப்பு முழுக்கக் கனகாவின் தலையில். பெண்கள் ஆயிரத்தைந்நூறு மீட்டரில் முதலில் வருகிற ஒருத்திக்குத்தான் பல்கலைக்கழக அணியில் இடம். கனகா மூன்று வருடமாகத் தேய்த்துத் தேய்த்து உருவாக்கிய முனீஸ்வரிக்கு இது கடைசி வருடம். திருமங்கலத்துக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து ஓடுகிற பிள்ளை. இன்றைக்கு விட்டால் அடுத்து வாய்ப்பு கிடையாது.

முதல்வர் ராஜாராமன் கெட்டவர் இல்லை. இயற்பியல் பேராசிரியர், நிதானமானவர். ஆனால் சிறப்பு விருந்தினர் என்று ஒருவர் வருகிறார் என்றால் போதும், மனிதருக்குக் கை கால் ஓடாது. விருந்தினர் வந்து கொடியசைக்கும் வரை ஒரு போட்டியும் தொடங்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். விருந்தினர் ஒரு தொழிலதிபர். ஓடுதளத்தைச் சீர்செய்யக் கனகா வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்க, அவர் தன் அப்பா பெயரில் பார்வையாளர் மேடை கட்டித் தருகிறாராம். ஓடுகிறவள் குழியில் விழுந்து காலை ஒடித்துக்கொள்ளட்டும், பார்க்கிறவர்களுக்கு இடுப்பு வலிக்கக் கூடாது பாருங்கள்.

ஏழு மணிக்கு வரவேண்டியவர் வழியிலிருக்கும் பரவை ஊரைத் தாண்டிவிட்டார் என்று போன் வந்தது. அரை மணி கழித்துக் கேட்டால் அப்போதும் பரவையைத்தான் தாண்டிக்கொண்டிருந்தார். முதல்வர் மாலையும் கையுமாக மெயின் கேட்டில் காவல் நின்றார். அணிவகுப்புக்கு நிறுத்திய பிள்ளைகள் கொடியைப் பிடித்தபடி வெயிலில் வாடிக்கொண்டிருந்தார்கள். இன்னும் நேரம் போனால் ஆயிரத்தைந்நூறு ஓடுகிறவர்கள் பாதியில் சுருண்டு விழுவார்கள் என்று கனகாவுக்குத் தெரியும். மைதானம் கட்டிடங்களுக்குப் பின்னால் இருந்தது வசதியாகப் போயிற்று. மைதான வேலை பார்க்கும் மார்க்கர் மலையாண்டியைக் கூப்பிட்டுக் கோட்டுக்குச் சுண்ணாம்பு போடச் சொன்னாள். நடுவர்களை நிறுத்தினாள். மைக் இல்லாமல், கைதட்டல் இல்லாமல் பெண்கள் இறுதிப் போட்டியை நடத்தி முடித்துவிட்டாள்.

முனீஸ்வரி முதலில் வந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து வந்த ஒச்சாயி என்ற பெண் கடைசி வரை விடாமல் துரத்தி, ஒரு கை தூரத்தில் இரண்டாவதாக வந்தாள். கனகாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. முதல்வரிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

விருந்தினர் வந்தபோது மணி பத்தரை. முதல்வர் அவரை மேடையில் உட்காரக்கூட விடவில்லை. கையில் ஒரு கொடியைத் திணித்து, நேரே கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் மைக். அடுத்ததாகப் பெண்கள் ஆயிரத்தைந்நூறு மீட்டர் இறுதிப் போட்டி, ஐயா அவர்கள் தொடங்கி வைப்பார்கள், நம் கல்லூரியின் நட்சத்திரம் முனீஸ்வரி ஓடுவார் என்று முழங்கிவிட்டார்.

கனகா கண்ணை மூடித் திறந்தாள். அது முடிந்துவிட்டது சார் என்று சொல்ல வாயெடுத்தாள். விருந்தினரின் முன்னாலேயே, உங்கள் உத்தரவைக் கடாசிவிட்டு ஓட்டிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? கேமராக்காரன் வேறு மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். போகட்டும், போட்டோவுக்கு ஒரு ஓட்டம்தானே என்று நினைத்தாள். காலை முடிவு தன் கையில் பத்திரமாக இருக்கிறது. ஓடிவந்து நின்ற முனீஸ்வரியின் காதில், இது சும்மா, போட்டோவுக்கு, காலை அலட்டிக்காம ஓடு என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். மற்றப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றதை அவள் கவனிக்கவில்லை.

விருந்தினர் கொடியசைத்தார். முனீஸ்வரி காலாற நடக்கிறவள் போல ஓடினாள். ஒச்சாயி அப்படி ஓடவில்லை. முதல் சுற்றிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு முன்னே போனவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்தக் கொளுத்துகிற வெயிலில், வெறுங்காலோடு, உயிரைக் கொடுத்து ஓடினாள். கோட்டைத் தாண்டி மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். விருந்தினர் நெகிழ்ந்துபோய் அவளைத் தூக்கி நிறுத்தி, பதக்கத்தைக் கழுத்தில் போட்டு, இந்தப் பெண்தான் பல்கலைக்கழகத்துக்கு ஓடப்போகிறாள் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். கூட்டம் கைதட்டியது.

இருபது வருடம் பயிற்சியாளராக வாழ்ந்த கனகாவின் புத்தி, தன் பிள்ளைக்கு மட்டும் ரகசியம் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறது. இன்று அவள் முனீஸ்வரிக்கு மட்டும் மாஸ்டர் இல்லை, அங்கே கோட்டில் நின்ற எல்லாருக்கும் பொறுப்பு. நாற்காலியை மட்டும் மாற்றிக்கொண்டு புத்தியை மாற்றாமல் விட்டதற்குத் தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மேடைக்குப் பின்னால் போய் விஷயத்தைச் சொன்னாள். முதல்வர் முகம் கருத்துவிட்டது. உங்களை யாருங்க காலையில ஓட்டச் சொன்னது, ஐயா சொன்னதே சொன்னதாக இருக்கட்டும், விடுங்க என்றார். பல்கலைக்கழக விளையாட்டுச் செயலர் ஹரிநாராயணன் வாழைப்பழத்தை உரித்தபடி, எந்த முடிவில் நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்களோ அதைத்தான் நான் எடுத்துக்கொள்வேன் மேடம் என்று கழன்றுகொண்டார். நடுவர்கள் நின்று, முறையாக நடந்த போட்டி காலையில் நடந்ததுதான். அதில் சந்தேகமே இல்லை. கனகா அதில் கையெழுத்துப் போட்டாள். முதல்வர் அவளைப் பார்க்காமலேயே எழுந்து போனார்.

மிச்சம் இருந்தது ஒரு வேலை. அதை யாரிடமும் தள்ள முடியாது.

ஒச்சாயி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து போனில் யாரிடமோ பதக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். கனகா வந்து நின்றதும் போனை வைத்தாள். கனகா சுற்றி வளைக்கவில்லை. காலையில் ஓடியதுதான் கணக்கு, இரண்டாவது ஓட்டம் விருந்தினருக்காக நடந்தது, உங்களுக்கெல்லாம் சொல்லாமல் விட்டது என் தப்பு என்றாள்.

ஒச்சாயி கழுத்திலிருந்த பதக்கத்தைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "மைக்குல இதான் ஃபைனல்னு சொன்னாகளே. காலையில ஓடுனது செல்லாது போலன்னு நெனச்சுக்கிட்டு ஓடுனேன்" என்றாள்.

"தப்புத்தாம்மா."

"முனீஸ்வரிக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

கனகா அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். பதிலை ஒச்சாயிக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் மெதுவா ஓடியிருப்பேன்ல மேடம். சாயங்காலம் எனக்கு அஞ்சாயிரம் இருக்கு. அதுதான் என்னோட ஓட்டம். இது சும்மா சேந்து ஓடுனது."

ஐயாயிரம் மீட்டர் இருப்பது கனகாவுக்குத் தெரியாமல் இல்லை. நிகழ்ச்சி நிரலைப் போட்டவளே அவள்தான். அதிலும் முதலில் வருகிற ஒருத்திக்குத்தான் இடம். அந்தப் பிள்ளையின் கால்களைப் பார்த்தாள். தொடை நடுங்கிக்கொண்டிருந்தது. என்ன ஆனாலும் சரி, முதல்வர் தலையால் தண்ணீர் குடித்தாலும் சரி என்று ஒரு முடிவுக்கு வந்தாள்.

"நீ ரெஸ்ட் எடு. அஞ்சாயிரத்த நாளைக்குக் காலையில வச்சுக்கலாம். நான் மாத்திடுறேன். ராத்திரி நம்ம ஹாஸ்டல்ல தங்கிக்க, உங்க சார்கிட்ட நான் பேசுறேன்."

ஒச்சாயி பதக்கத்தைத் தலைவழியாகக் கழற்றி, நாடாவைச் சுருட்டி, கனகாவின் கையில் வைத்தாள். கோபமாக வைக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"வேணாம் மேடம். நான் சாயங்காலமே ஓடிருறேன். நாளைக்குன்னு நீங்க சொல்லுவீக, அதுக்குள்ள இன்னொருத்தர் வந்து வேற சொல்லுவாக."

கனகா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். எழுதித் தருகிறேன் என்றுகூடச் சொன்னாள். அந்தப் பெண் அசையவில்லை. அவர்கள் கல்லூரியிலிருந்து கூட வந்திருந்த ஆசிரியரும், வேன் சாயங்காலமே கிளம்பவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் ஐயாயிரம் மீட்டர் நடந்தது. நிறைவு விழாவுக்கு மேடையில் கனகாவுக்கு நாற்காலி போட்டு, இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. கையில் தண்ணீர் பாட்டிலோடு கோட்டருகே நின்றாள். ஒச்சாயி பாதி தூரம் வரை முன்னால் ஓடினாள். அதன் பிறகு ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கனகா பாட்டிலை நீட்டினாள். ஒச்சாயி வாங்கவில்லை.