முதல் மார்க் வாங்கிய தோட்டம்

சின்னவளின் வேலை மண் அள்ளுவது. ஊரின் ஓரத்தில் ஓர் உருக்காலை இருந்தது. மலையடிவாரச் சுரங்கத்திலிருந்து வரும் தாதுவை உருக்கி அங்கே ஈயமும் துத்தநாகமும் எடுப்பார்கள். அதன் புகைபோக்கியிலிருந்து பறக்கும் தூசு ஊர் மண்ணில் எவ்வளவு தூரம் படிந்திருக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அவள் அத்தானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, இதைவிடச் சிரிப்பான உத்தியோகம் உலகத்தில் இல்லை.

“இதுக்கா இத்தனை வருஷம் படிச்சே? எங்க பாப்பா பள்ளிக்கூடமே போகாம அள்ளுறா.”

“அவ அள்ளி வாயில போட்டுக்குறா அத்தான். நான் பையில போடுறேன்.”

“அந்த வித்தியாசத்துக்குத்தான் டாக்டர் பட்டமா?”

அத்தான் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, அடுத்தவருக்கு வழி சொல்லியே பழகியவர். அக்கா வேகமாகக் காய் நறுக்கினால்கூட அவர் வலது கால் தானாகத் தரையை அமுக்கும்.

ஆராய்ச்சிக்கு வண்டி கிடைக்காத நாட்களில் அவருடைய கார்தான் உதவியது. ஸ்டியரிங்கில் ஒரு மாணவி இருப்பார். ஆஸ்பத்திரியில் நர்ஸ், ரிட்டையர் ஆவதற்குள் ரிவர்ஸ் எடுக்கக் கற்றே தீருவது என்று சபதம் செய்தவர். “ஒரே பெட்ரோல், ரெண்டு படிப்பு” என்பார் அத்தான். நர்ஸம்மா எங்கெல்லாம் வண்டியை அணைத்துவிடுகிறாரோ அங்கெல்லாம் மச்சினி இறங்கி மண் எடுக்கிறாள், இதுதான் விஞ்ஞானம் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

புகைபோக்கிக்கு அருகில் எடுத்த மண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க, தூசு எட்டாத ஓர் இடத்து மண் வேண்டும். அக்காவின் வீடு ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. காற்றும் அந்தப் பக்கம் அடிப்பதில்லை. வீட்டுக்குப் பின்னால் அத்தானின் காய்கறித் தோட்டம். தக்காளி, கத்தரி, கீரை, நடுவில் களையே முளைக்காத ஒரு கறுப்புச் சரளைப் பாதை. அந்தப் பாதையைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் விருந்தாளிகள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பார்கள்.

சின்னவள் பிளாஸ்டிக் கரண்டியோடு குனிந்தாள்.

“பாப்பா விளையாட்டுச் சாமானையும் விட்டு வைக்கலையா நீ?”

“இரும்புக் கரண்டின்னா அதோட உலோகமும் கணக்குல சேர்ந்துடும் அத்தான்.”

“சரி சரி. மார்க் வந்ததும் சொல்லு. ஊருக்கே முதல் மார்க் என் மண்ணுதான்.”

மண்ணைக் காயவைத்து, சலித்து, அமிலத்தில் கரைத்து, இயந்திரத்தில் கொடுத்து முடிவு வர வாரங்கள் ஆயின. வந்தபோது சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உருக்காலை மதிலை ஒட்டி எடுத்த மண்ணைவிட அக்கா வீட்டு மண்ணில்தான் ஈயம் அதிகம்.

அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “பை ஏதும் மாறிடுச்சாம்மா?”

மாறியிருக்க வேண்டும் என்றுதான் அவளும் வேண்டிக்கொண்டாள். மீதி மண்ணை எடுத்து முதலிலிருந்து செய்தாள். அதே எண். பிறகு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. மண் துகள்களுக்கு நடுவே கறுப்பாக, கண்ணாடி மாதிரி மினுங்கும் குருணைகள். உலைக்கசடு. தாதுவை உருக்கி உலோகத்தை எடுத்த பிறகு மிஞ்சி இறுகிப்போவது. இவ்வளவு பெரிய குருணை காற்றில் பறந்து ஆற்றைத் தாண்டாது. யாரோ கொண்டுவந்து கொட்டியிருக்க வேண்டும். அந்தச் சரளைப் பாதை அவள் கண்முன் வந்தது. கூடவே, அதில் குந்தியிருக்கும் பாப்பாவும்.

மதியமே கிளம்பிப் போனாள். அத்தான் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“முகத்தைப் பார்த்தாலே தெரியுது. முதல் மார்க்தானே?”

“முதல் மார்க்தான் அத்தான்.”

“அடியே, கேட்டியா! நான் சொன்னேன்ல!” என்று அவர் உள்ளே குரல் கொடுத்தார். அக்கா ஈரக்கையோடு வந்தாள்.

“ஈயத்துல” என்றாள் சின்னவள்.

அத்தானின் சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது. எடுக்க அவருக்கு மறந்துபோனது.

“அந்தப் பாதைக்குப் போட்ட சரளை எங்கேருந்து வந்துச்சு அத்தான்?”

“வீடு கட்டினப்போ ஒரே சேறா இருந்துச்சு. உருக்காலை பின்பக்கம் மலை மாதிரி குவிஞ்சு கிடந்தது, வேணும்னா அள்ளிட்டுப் போங்கன்னாங்க. ரெண்டு லாரி அடிச்சேன்.” குரல் இறங்கியது. “களையே முளைக்கல தெரியுமா?”

“களைகூட முளைக்காத இடத்துலயா புள்ளையை விளையாட விட்டோம்?” என்றாள் அக்கா. அப்படியே தங்கையிடமும் திரும்பினாள். “நீயும்தான். மண்ணு எடுத்துட்டுப் போய் எத்தனை நாளாச்சு? அவ தினமும் அங்கதான் கிடந்தா.”

சுத்தமான மண் என்று சின்னவள் நினைத்திருந்ததால் அந்தப் பையைத்தான் கடைசியாகப் பிரித்திருந்தாள்.

மறுநாள் நர்ஸம்மாவே ஆஸ்பத்திரியில் பாப்பாவுக்கு ரத்தம் எடுத்தார். பாப்பா அழவில்லை, ஊசியைப் பார்த்த அத்தான்தான் பெஞ்சில் சாய்ந்தார். முடிவு வரும்வரை அந்த வீட்டில் கிண்டல் நின்றுபோயிற்று. அத்தான் சின்னவளை ‘நீங்க’ என்றுகூட ஒருமுறை கூப்பிட்டுவிட்டார். அதுதான் அவளை உண்மையில் பயமுறுத்தியது.

ரத்தத்தில் ஈயம் இருந்தது, பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக. மருந்து தேவையில்லை, அந்த மண்ணிலிருந்து விலக்கி வையுங்கள், சாப்பிடும்முன் கை கழுவப் பழக்குங்கள், சில மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார் டாக்டர். அக்கா அன்றுதான் சரியாகச் சாப்பிட்டாள்.

அத்தான் அதே வாரம் மண்வெட்டியை எடுத்தார். தூசு கிளம்பாமல் தண்ணீர் தெளித்து, மூக்கைக் கட்டிக்கொண்டு, பாதையையும் சுற்றியிருந்த மண்ணையும் தோண்டி மூட்டை கட்டினார். மூட்டைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனால், உருக்காலை வாசலில் காவலாளி, “சரக்கு வெளியே போகத்தான் சார் வழி இருக்கு, உள்ளே வர்றதுக்கு யாரும் ஆர்டர் தரல” என்று மறித்தார். பேராசிரியர் மேலே இரண்டு மூன்று பேரிடம் பேசிய பிறகுதான் கதவு திறந்தது.

அதைவிடக் கஷ்டமான வேலை பாக்கி இருந்தது. அந்தப் பாதையைப் பற்றி அவர் பெருமையடிக்காத ஆள் கிடையாது. கேட்டுவிட்டுப் பலபேர் தாங்களும் லாரி அடித்திருந்தார்கள். ஒவ்வொரு வீடாகப் போய், “நான் சொன்னது தப்பு, எடுத்துடுங்க” என்று அவரே சொல்ல வேண்டியிருந்தது. கூடவே சின்னவள் கரண்டியோடு இறங்குவாள். ஸ்டியரிங்கில் நர்ஸம்மா.

மூன்றாவது வீட்டு வாசலில் அவர் தயங்கி நின்றபோது நர்ஸம்மா கண்ணாடியை இறக்கினார். “மெதுவா சார். பின்னாடி பார்த்து, அவசரப்படாம. ரிவர்ஸ் யாருக்குமே முதல்ல வராது.”

சின்னவள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தோற்றாள். அத்தான் முறைத்தார். முறைத்துக்கொண்டே அவரும் சிரித்துவிட்டார்.

அவளுடைய வரைபடத்தில் புகைபோக்கியைச் சுற்றி அழகான வட்டங்கள் இருந்தன. தூரம் போகப்போக வெளிறிக்கொண்டே போகும். இப்போது ஆற்றுக்கு அக்கரையிலும் அங்கங்கே கரும்புள்ளிகள். அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிட்டது. பேராசிரியர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, “அழகு போயிடுச்சு. ஆனா இதுதாம்மா உண்மை” என்றார். காற்று கொண்டுபோனதை மட்டுமல்ல, லாரி கொண்டுபோனதையும் தேட வேண்டும் என்று ஆராய்ச்சியே திசை மாறியது.

இரண்டாவது பரிசோதனையில் பாப்பாவின் எண் நன்றாக இறங்கியிருந்தது. தோட்டத்துக்குப் புதுமண் வந்த அன்று, லாரியைத் தெருவிலேயே நிறுத்தி வைத்தார் அத்தான். ஈயம் இருந்தால் அங்கேயே காட்டிவிடும் ஒரு கைக்கருவியோடு சின்னவள் மேலே ஏறி, குவியலில் பல இடங்களில் வைத்துப் பார்த்தாள். லாரிக்காரருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

“மண்ணுதானே சார்! இதுல என்ன இருக்கப்போகுது?”

“நானும் உன்னை மாதிரிதாம்பா பேசிட்டு இருந்தேன்” என்றார் அத்தான். மேலே பார்த்துக் கத்தினார். “என்ன மேடம், எங்களுக்குப் பாஸ் மார்க்காவது உண்டா?”

“பாஸ்தான், இறக்கச் சொல்லுங்க” என்றாள் சின்னவள்.

“கேட்டியா!” என்று அத்தான் லாரிக்காரரிடம் திரும்பினார். “வண்டியைப் பின்னாடி எடு. வா, வா, லெஃப்ட்ல ஒடி. இன்னும், இன்னும்…”

சொல்லிக்கொண்டே அவருடைய வலது கால் தெருவை அழுத்தி மிதித்தது.