மாத்தளைக் கடைக்குப் பெயர் கொடுத்தவர்

பியதாசா தும்மினால் மாத்தளையிலிருந்த கடை ஆட்டம் கண்டது. இருமினால் அதன் சுவரில் விரிசல் விழுந்தது. கோகிலாம்பாளுக்கு அப்படித்தான் தோன்றியது. அவர் அருப்புக்கோட்டைக்கு வந்து இறங்கியதிலிருந்து அவள் காதுகள் அந்த மனிதரின் தொண்டையை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தன.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் கணவர் சண்முகவேல் மீசை முளைத்த நாளிலிருந்து இலங்கையில், மாத்தளைக் கடைத்தெருவில், பலசரக்குக் கடை நடத்திவந்தார். கடையிருந்த வாடகைக் கட்டடத்தை அதன் உரிமையாளர் அறுபத்து நான்காம் ஆண்டில் விற்க முற்பட்டார். வாங்கினால் நிற்கலாம், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டவேண்டும். அந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவர் அங்கே நிலமோ கட்டடமோ வாங்கினால், என்ன விலையோ அதே தொகையை வரியாக இன்னொரு முறை கட்டவேண்டும் என்று அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. அந்த மண்ணில் ஆயுளில் பாதியை உப்பும் புளியும் நிறுத்தே கழித்தவர் என்பது சட்டத்தின் கண்ணில் படவில்லை, சண்முகவேல் அயல்நாட்டார். ஆகவே அயல்நாட்டார் பலர் செய்ததையே அவரும் செய்தார். பணம் தம்முடையது, பெயர் பியதாசாவினுடையது.

பியதாசா சிங்களவர். ரயில்வே கேட் காவலராயிருந்து ஓய்வு பெற்றவர். மாலைதோறும் கடை வாசலில் அமர்ந்து தேநீர் குடிப்பவர். பத்திரம் அவர் பெயரில் பதிவாயிற்று. இருவருக்குமிடையே எழுத்து எதுவும் இல்லை. எழுதினால் அதுவே வரிக்காரனுக்குச் சாட்சியாகிவிடும். வாய்ச்சொல் மட்டும்தான்.

அந்த வாய்ச்சொல்லின்மேல் கோகிலாம்பாளின் கழுத்தில் கிடந்ததும் காதில் கிடந்ததும் போயின. கொழுந்தன் வெள்ளத்துரை பந்தல்குடியில் வைத்திருந்த கரிசல் நிலம் போயிற்று. மகள் கஸ்தூரியின் கல்யாணம் இனி அந்தக் கடையிலிருந்துதான் வரவேண்டும். பியதாசா இருக்கும்வரை கடை இருக்கும். அவர் கண்ணை மூடினால் கடை அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். அது எப்படி என்று கேட்க எந்த நீதிமன்றத்திலும் சண்முகவேலுக்கு வாய் கிடையாது.

இத்தனையையும் தம் தலையில் சுமந்துகொண்டிருப்பது அறியாதவர்போல், அறுபத்தெட்டாம் ஆண்டுச் சித்திரையில், ஒரு தகரப் பெட்டியோடும் மாசிக்கருவாட்டுப் பொட்டலத்தோடும் அவர் வந்து இறங்கினார். புத்தகயைக்கு யாத்திரை போவதாகவும், போகிற வழியில் சண்முகத்தின் வீட்டில் சிலநாள் தங்கிச் செல்வதாகவும் சொன்னார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நரைத்த தலை, கடைத்தெருவில் கற்ற தமிழ். அவளை ‘நங்கி’ என்று அழைத்தார். தங்கை என்று பொருள் என்றும் அவரே சொன்னார்.

அறுபதைக் கடந்த அந்த மனிதருக்கு அருப்புக்கோட்டை பிடித்துப்போனதுதான் வினை. படிக்கட்டில்லாத கிணற்றில் கயிற்றைப் பிடித்து இறங்கிக் குளிக்கவேண்டும் என்றார். ஒரே அமர்வில் ஒரு குலை நுங்கைத் தீர்த்தார். தூத்துக்குடிச் சாலையில் லாரிகள் புழுதி கிளப்பிப் பறப்பதைச் சாலையோரத்தில் நின்று குழந்தைபோல் வேடிக்கை பார்த்தார். கோகிலாம்பாள் கிணற்றடிக்கு ஓடினாள், சாலைக்கு ஓடினாள், அவர் படுக்கும் பாயை இரண்டு முறை உதறி, தேள் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். வெந்நீரில் சீரகம் தட்டிப்போட்டு, ஆறவைத்து, தானே ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள் சுவருக்கு மேலாகத் தலையை நீட்டினாள்.

“ஏத்தா கோகிலா, ஒம் மாமனார் படுத்த படுக்கையாக் கெடந்தப்பக்கூட நீ இம்புட்டுப் பாக்கலையே! யாருத்தா இவுக, சிலோன் மகாராசாவா?”

“அவுக கூட்டாளி. வீட்டுக்கு வந்த மனுசர்.”

“நல்லாப் பாரு, பாரு. கையில வச்சிருக்கிற கண்ணாடிச் சாமான் மாதிரியில்ல பாக்கிற.”

சந்தனம்மாள் சிரித்துக்கொண்டே போனாள். அவள் சொன்னது சரியாயிருந்ததால் கோகிலாம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை. புத்தகயைக்கு எப்போது ரயில் என்று பியதாசா ஒருநாளும் கேட்கவில்லை. வெள்ளத்துரையே பேச்செடுத்தபோதும், “போகலாம், போகலாம். புத்தர் எங்கேயும் போக மாட்டார்” என்று சிரித்து மழுப்பினார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவள் எண்ணி எண்ணிப் பார்த்தாள்.

திருச்சுழிக் கோயிலைப் பார்க்கவேண்டும் என்று அவர் சொன்னதும் வெள்ளத்துரை தானே அழைத்துப்போவதாக முன்வந்தான். கோகிலாம்பாள் தடுத்தாள்.

“வெயில் இந்தப் போடு போடுது. அவுகளுக்கு ஆகாது.”

“மதினி, அவுக என்ன வெண்ணெயா உருகிப்போக? பஸ்ஸுல போயி பஸ்ஸுல வாரோம்.”

உச்சிவெயிலில் போய்ப் பொழுதுசாயத் திரும்பினார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே பியதாசாவின் முகம் சிவந்து, உதடு வெடித்திருந்தது. வாசலைத் தாண்டியதும் வாந்தியெடுத்தார். விடிவதற்குள் உடம்பு அனலாகிவிட்டது.

கம்பவுண்டர் யாக்கோபு காலையில் வந்து நாடி பார்த்தார். கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். ஊசியொன்று போட்டார். பிறகு கை கழுவும் சாக்கில் முற்றத்துக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

“வெயில் ஏறியிருக்கு. வயிறும் சரியில்ல. உடம்புல தண்ணி வத்திப்போச்சு தாயி. உப்புஞ் சீனியும் கலந்து விடாமக் குடுங்க.”

“மதுரைக்குக் கொண்டுபோயிரலாமா?”

“இந்த வெயில்ல வழி தாங்க மாட்டாரு. இன்னைக்குப் பொழுது போகட்டும், அப்புறந்தான் எதுவுஞ் சொல்ல முடியும். சொந்தக்காரங்களுக்குத் தந்தி குடுத்துட்டீகளா?”

தந்தி கொடுத்தால் பிள்ளைகளுக்குப் போகும். ‘தந்தை கவலைக்கிடம்’ என்ற இரண்டு சொல் கடலைக் கடந்தால், கடையின் பூட்டைத் திறக்க அவர்கள் கிளம்பிவிடுவார்கள். “குடுக்கணும்” என்றாள். கொடுக்கவில்லை. கொடுக்காமலிருப்பதற்காகத் தன்மேலேயே அவளுக்கு அச்சம் வந்தது.

பகலுணவு வேளை கழிந்ததும் வெள்ளத்துரை வந்தான். சட்டைக்குள்ளிருந்து முத்திரைத்தாள் ஒன்றை எடுத்தான். மடியில் நீல மைப்பெட்டி இருந்தது.

“மதினி, கதவைச் சாத்துங்க.”

“என்னது இது?”

“திருச்சுழியில நேத்து, இவரு கோயிலுக்குள்ள இருக்கையில, பத்திரம் எழுதுறவர்கிட்ட எழுதி வாங்கிட்டேன். கடை அண்ணன் காசுல வாங்குனது, இவருக்குப் பேரு மட்டுந்தான்னு இதுல இருக்கு. அவருகிட்டப் பக்குவமாப் பேசி வாங்கலாம்னு நெனச்சேன். இப்ப அதுக்கு நேரமில்ல.”

“கையெழுத்துப் போடுற நெலமையிலயா அவுக இருக்காக?”

“கையெழுத்து யாருக்கு வேணும்? கையெழுத்த நான் போடலம்பாக. ரேகையை மாத்த முடியுமா? பெருவெரலு போதும்.”

பதிவு அலுவலகத்தில் எத்தனை படித்தவரானாலும் இடக்கைப் பெருவிரலை நீட்டித்தானே ஆகவேண்டும் என்பது அந்த வட்டாரத்தின் அசையாத நம்பிக்கை. கையெழுத்து மனிதன் போடுவது. ரேகை கடவுள் போட்டது. நொத்தாரிசு என்று இலங்கையில் சொல்லப்படும் பத்திர அதிகாரியின் முன்னிலையில் எழுதாத எதுவும் அங்கே வெறுந்தாள் என்பதை அவ்வறையிலிருந்த இருவரும் அறியார். அறிந்திருக்கக்கூடிய ஒருவர் நினைவிழந்து கிடந்தார்.

“பாவம் கொழுந்தனாரே.”

“பாவமா? என் நெலம் போனது பாவமில்லையா? கஸ்தூரி நிக்கிறாளே, அது பாவமில்லையா? இவுக கண்ணை மூடிட்டாக, நாளைக்கு இவுக மகன் வந்து அண்ணனை வெளிய தள்ளிப் பூட்டுவான். அப்ப பாவம்னு யாருகிட்டச் சொல்லப்போறீக?”

போர்வைக்குள்ளிருந்து அந்தக் கையை வெளியே எடுத்தது வெள்ளத்துரையன்று, அவள்தான். எப்படி எடுத்தாள் என்று பின்னர் நினைத்துப் பார்த்தபோதும் அவளுக்குத் தெளிவாகவில்லை. கை கொதித்தது. விரல்கள் ரயில்வே கேட்டின் கம்பியைத் தூக்கித் தூக்கிக் காய்த்திருந்தன. வெள்ளத்துரை பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தி உருட்டினான். தாளை ஒரு பலகைமேல் வைத்து நீட்டினான்.

அப்போது பியதாசாவின் விரல்கள் மூடி, அவள் விரல்களைப் பற்றிக்கொண்டன. கண் திறக்கவில்லை. “நங்கி” என்றார். அதன்பின் சிங்களத்தில் ஏதேதோ சொன்னார். அச்சொற்களில் ஒன்றும் அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் அந்தக் குரல் கெஞ்சுகிற குரல் என்பதை அறிய மொழி வேண்டியிருக்கவில்லை.

“விடுங்க” என்றாள்.

“மதினி, இன்னும் ஒரு நொடி...”

“விடுங்கன்னா விடுங்க!” பலகையைத் தள்ளிவிட்டாள். தாள் தரையில் விழுந்து, உப்புஞ்சீனித் தண்ணீர் கொட்டி நனைந்தது. வெள்ளத்துரை மைப்பெட்டியை மூடி மடியில் செருகிக்கொண்டான்.

“கடையை நீங்க மண்ணுல கொட்டிட்டீக. அண்ணன் கேட்டா நீங்களே சொல்லிக்கோங்க” என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான்.

அன்று பொழுதுசாயும் வரையிலும் அவள் கரண்டி கரண்டியாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றுவது இந்த மனிதரின் உயிருக்கா, கடைக்கா என்ற கேள்வி எழுந்தபோதெல்லாம் அடுத்த கரண்டியை எடுத்தாள்.

வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கிற்று. மறுநாள் காலை பியதாசா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். கிண்ணத்தை வாங்குவதற்காக நீட்டிய கையில் பெருவிரல் நீலமாயிருந்ததை அப்போதுதான் கண்டார். கையை அருகே கொண்டுபோய்ப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். மருந்துக் கறை என்றால் அவர் நம்பிவிடவும் கூடும். அப்படி நம்பினால் கடை பிழைக்கலாம். உண்மையைச் சொன்னால், கோபத்தில் அவர் ஊருக்குப் போன மறுநாளே யாருக்கேனும் விற்றுத்தொலைக்கலாம், தடுக்க ஒருவரில்லை. அந்தக் கண்களோ அவளைவிட்டு நகரவில்லை.

“ரேகை வாங்கப் பாத்தோம் அண்ணாச்சி. நீங்க நெனவில்லாம இருக்கையில. கையைப் பிடிச்சது நாந்தேன். அப்புறம் வேணாம்னுட்டேன். வாங்கல.”

பியதாசா பெருவிரலை வேட்டியில் தேய்த்துப் பார்த்தார். தெருவில் தயிர்க்காரி கூவிக்கொண்டு போனாள்.

“நங்கி, நான் புத்தகயா போக வரயில்ல” என்றார் கடைசியில். “என் மூத்த மகன், மற்றப் பிள்ளைகளுக்குப் பங்கு போகுமுன் கடையைத் தனக்கு விற்கச் சொல்றான். தினமும் சொல்றான். சாப்பாட்டுல சொல்றான், படுக்கையில சொல்றான். அவன் கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு வந்து சொல்றான். எனக்கு அந்த வீட்டில் இருக்க ஏலாது. இங்கே வந்தா யாரும் கையெழுத்துக் கேட்க மாட்டாங்க என்று வந்தேன்.”

அவர் சிரிக்க முயன்றார். அவளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“விசா முடிஞ்சா போகத்தானே வேணும்?” என்றாள்.

“போகத்தான் வேணும்.”

“போயி எத்தனை நாளு தாக்குப்பிடிப்பீக?”

அவர் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்ததும் கோகிலாம்பாளுக்கு எல்லாம் தெளிவாயிற்று. இவர் இங்கே இறந்தாலும் கடை போகும். அங்கே போனாலும் போகும். இடையில் எத்தனை ஆண்டு கிடைத்தாலும், ஒவ்வொரு தும்மலுக்கும் அவள் செத்துச் செத்துப் பிழைக்கவேண்டும்.

“ஒங்க மகனுக்கே வித்திருங்க” என்றாள்.

கரண்டி நின்றது.

“அவன் சரியான விலை கொடுக்க மாட்டான் நங்கி. பாதி கொடுத்தாப் பெரிசு. சண்முகம் ஒத்துக்கொள்ள மாட்டான்.”

“பாதி வந்தாப் போதும். மிச்சப் பாதிக்கு நான் தூக்கத்தை வாங்கிக்கிடுறேன். நீங்க உசுரோட, புத்தியோட இருக்கையிலயே வித்து, காசை எங்க வீட்டுக்காரவுக கையில குடுத்திருங்க. ஊருக்கு வரச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

“உன் பேரைச் சொல்லவா?”

“எம் பேரைத்தேன்.”

நடக்கத் தெம்பு வந்ததும் பியதாசா இலங்கைக்குப் புறப்பட்டார். மானாமதுரைக்குப் போகும் ரயிலில் அவரை ஏற்றிவிட்டு, தகரப் பெட்டி பத்திரம், தண்ணீர் கண்ட இடத்தில் குடிக்கவேண்டாம் என்றெல்லாம் அவள் ஜன்னலோரம் நின்று சொன்னாள். அவர் தலையாட்டினார். கோபம் தீர்ந்ததா என்று கேட்க அவளுக்குத் துணிவில்லை, அவராகவும் சொல்லவில்லை. ரயில் கரிசலைக் கடந்து புள்ளியாக மறைந்தது.

அதன்பிறகுதான் தான் செய்தது அவளுக்கு உறைத்தது. கடையைத் தாங்கி நின்றது ஒரே ஒரு வாக்கு. அந்த வாக்கிலிருந்து அவரைத் தன் வாயாலேயே விடுவித்து அனுப்பியிருந்தாள். இனி அவர் பாதி கொடுத்தாலும் சரி, ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் சரி, ‘உன் மனைவிதான் விற்கச் சொன்னாள்’ என்று சண்முகவேலிடம் சொல்லிவிடலாம். அது பொய்யுமாகாது. தாலி கட்டிய நாளிலிருந்து கணவரைக் கேளாமல் ஒரு பானைகூட மாற்றாதவள் அவள்.

வீட்டு வாசலில் வெள்ளத்துரை நின்றிருந்தான். அவன் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்.

“கடையை விக்கச் சொல்லிட்டேன்.”

“யாரைக் கேட்டு மதினி?”

“மைப்பெட்டியைத் தூக்கிட்டு வந்தீகளே, நீங்க யாரைக் கேட்டு வந்தீக?”

அவன் தலையைக் குனிந்தான். “அண்ணன் என்ன சொல்லுவாக?” என்றான். சண்டைக்காகக் கேட்ட குரலாயில்லை, அவனும் அஞ்சியிருந்தான்.

“தெரியல” என்றாள் கோகிலாம்பாள். உள்ளே போய், பகலென்றும் பாராமல், பாயை விரித்துப் படுத்தாள்.