கோலூன்றிய பார்சல் ஆபீஸ்

அஞ்சல் தலையின் விலை ஏறிய அதே வாரத்தில் தபால் நிலையத்தின் பார்சல் கட்டடமும் தரையை விட்டு ஒரு சாண் ஏறியது. ஊர் முதலில் பேசியது அஞ்சல் தலையைப் பற்றித்தான். கட்டடம் ஏறியதைக் கண்டுபிடித்தது அங்கே பெருக்குகிற அம்மாள். வழக்கமான இடத்தில் கால் வைக்கப் போய் முழங்காலை இடித்துக்கொண்டு, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் குனிந்து பார்த்தால், சுவருக்கும் தரைக்கும் நடுவே பின்பக்கத்துத் தெரு தெரிந்தது. அதில் ஒரு பூனை போய்க்கொண்டிருந்தது. போஸ்ட்மாஸ்டர் வந்து பார்த்தார். வயசானவர்கள் வந்துபோகிற இடமாயிற்றே என்று கவலைப்பட்டு, ஒரு பலகையைப் படியாகப் போடச் சொன்னார். பிறகு எல்லோரும் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அந்த வாரம் ஊரில் ஒருத்திக்கு மட்டும் அஞ்சல் தலையும் பொருட்டில்லை, கட்டடமும் பொருட்டில்லை. அவள் கோலூன்றித் தாண்டுகிறவள். ஊர் அவளை உடும்பு என்று கூப்பிட்டது. பெயர் வைத்தது கூடப் பிறந்த அக்கா. சின்ன வயதில் ஊஞ்சல் கயிற்றைப் பிடித்தாளானால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் விடமாட்டாள், விரல் விரலாகப் பிரித்துத்தான் தூக்கிப் போக வேண்டும். அந்தப் பிடிதான் அவளை மேலே கொண்டுபோனது, கெடுத்ததும் அதே பிடிதான். ஓடிவந்து, கோலின் நுனியைக் குழியில் ஊன்றி, வளைந்த கோல் நிமிரும்போது அதோடு மேலே போய், உச்சியில் கோலைத் தள்ளிவிட்டு, குறுக்குக் கம்பிக்கு அந்தப் பக்கம் விழ வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான். உடும்பு எல்லாவற்றையும் அழகாகச் செய்வாள், விடுவதைத் தவிர. ஒரு கணம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டிருப்பாள். கோலும் கம்பியும் அவளும் ஒன்றாகக் கீழே வருவார்கள். "விடு, விடு" என்று கத்தியே அவளுடைய பயிற்சியாளருக்குத் தொண்டை கட்டிப்போயிற்று.

அவளுடைய கோல்தான் காணாமற்போயிருந்தது. வெளியூர்ப் போட்டி முடிந்து திரும்பும்போது, இந்த நீளத்தை ஏற்றமுடியாது என்று ரயில்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல், வீடுகளில் தண்ணீருக்குப் போடுகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வாங்கி, கோலை உள்ளே விட்டு, ஆடாமலிருக்க இரண்டு முனையிலும் பழைய பச்சைப் போர்வையைக் கிழித்து அடைத்து, மூடி போட்டு, தபாலில் அனுப்பினாள். அது அவளுடைய எடைக்கும் ஓட்டத்துக்கும் என்றே அளவெடுத்துச் செய்தது. தபால் ஜீப்பை விட்டால் அந்தத் தெருவிலேயே விலை கூடிய சாமான் அதுதான். இன்னொன்று செய்து வர ஒரு வருஷம் பிடிக்கும். தேர்வுப் போட்டி மழைக்காலம் தொடங்கும்போது. அடுத்த வருஷம் அவளுக்கு வயது கடந்துவிடும், வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள்.

பார்சல் வந்து சேர்ந்துவிட்டது என்று தபால் நிலையத்துக் கம்ப்யூட்டர் சொன்னது. சேர்ந்தது எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அங்கே பார்சல் பிரிக்கிறவர் அக்காவின் புருஷன்தான். உடும்பு தினமும் பயிற்சி முடித்து, கவுன்டர் மூடுவதற்குள் வந்துவிட வேண்டுமென்று தெருமுனையிலிருந்தே ஓடி வருவாள்.

"அத்தான், என் கோல் வந்துச்சா?"

"வரும்மா. அவ்வளவு நீளத்தை எவன் இடுப்புல சொருகிட்டுப் போகப்போறான்?"

அவள் ஒவ்வொரு முறை ஓடி வந்தபோதும் கட்டடம் இன்னும் கொஞ்சம் ஏறியது. இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. பலகை போய் மரப்படி வந்தது, மரப்படி போய் ஏணி வந்தது. பார்சல்களைக் கூடையில் வைத்துக் கயிற்றால் இழுத்தார்கள். ஜீப் டிரைவர் வெயிலுக்குக் கட்டடத்தின் அடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு, இப்படியொரு நிழல் எந்த ஆபீஸிலும் கிடையாது என்று பெருமை பேசினார். மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, ஏணியில் ஏறி, முத்திரைகளைச் சரிபார்த்து, எல்லாம் ஒழுங்காக இருப்பதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஆபீஸ் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லையாம்.

மழை வந்த பிறகுதான் குட்டு உடைந்தது. கூரைத் தண்ணீர் மூன்று மூலைக் குழாய்களிலும் கொட்டோ கொட்டென்று கொட்டியது. நாலாவது மூலைக் குழாயில் ஒரு சொட்டு இல்லை. அதைப் போட்ட குழாய்க்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் ஏணியைச் சாத்தி ஏறி, உச்சியைத் தடவிப் பார்த்தார்.

"மூடி போட்டிருக்குது சார். நான் போடலையே."

திருகித் திறந்தார். உள்ளே பச்சைப் போர்வைத் துணி. கூடையின் பக்கத்தில் நின்றிருந்த அத்தான் அப்படியே ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டார். கட்டடம் ஏறத் தொடங்குவதற்கு முன், அதைப் பழுதுபார்த்த நாட்களில் முகவரிச் சீட்டு உரிந்துபோன ஒரு குழாய் வாசலில் வழியடைத்துக் கிடந்ததும், அவரே குழாய்க்காரரைக் கூப்பிட்டு, உங்க பைப்பு காலை இடிக்குது, எடுத்துட்டுப் போங்க என்று சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்தது. குழாய்க்காரருக்கும் ஞாபகம் வந்தது. அந்தக் குழாய் கொஞ்சம் நீளமாக இருந்ததாம். வெட்டப் பார்த்திருக்கிறார், ரம்பம் இறங்கவில்லை. சரி போ என்று அடிமுனையைக் குழியில் இறக்கிச் சிமென்ட் பூசி, வளைத்துப் பிடித்து, சுவரோடு கொக்கி வைத்து அடித்துவிட்டார். ஆக, கோலை ஊன்றியாயிற்று, வளைத்தாயிற்று. ஓட்டத்தை உடும்பு தினமும் தெருமுனையிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

"நான்தாம்மா எடுத்துக் கொடுத்தேன்," என்றார் அத்தான், அப்போதுதான் ஓடி வந்து நின்ற உடும்பிடம். "உன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

உடும்பு கிட்டே போனாள். குழாயைத் தொட்டுப் பார்த்தாள். இத்தனை நாள் தூக்கத்திலும் தேடிய பொருள் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. தேர்வுக்கு இரண்டு நாள்தான் பாக்கி.

"புடுங்கினா ஆபீஸ் தலையில விழும், ஆமா," என்றார் குழாய்க்காரர்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். கோல் முழுக்க நிமிர்ந்துவிட்டிருந்தது. அதற்கு மேல் போக இடமில்லை. கட்டடம் மெல்ல நடுங்கி, வந்த வழியே, வீடுகளிருக்கும் பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது. அந்தச் சாய்வு அவளுக்கு அத்துப்படி. 

"அது என்னை மாதிரியே பண்ணுது அத்தான். மேல போயிடுச்சு. விடமாட்டேங்குது."

எல்லோரையும் இறக்கச் சொன்னாள். கவுன்டர் மூட இன்னும் நேரமிருக்கிறது, ஜனங்கள் ஏமாந்துபோவார்கள் என்றார் போஸ்ட்மாஸ்டர். யாரும் இறங்கவில்லை. பேசிப் புண்ணியமில்லை என்று உடும்பு தெருமுனைக்குப் போனாள். மழை விட்டிருந்தது. வெறுங்கையோடு ஓடி வந்தாள். இதுவரை எந்த மைதானத்திலும் அப்படி ஓடியதில்லை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதே வேகத்தில் ஏணியில் ஏறி, உள்ளே அந்த மூலைக்குப் போய், சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்தாள். சுவர் பயந்துபோயிருந்தது, அது அவளுக்குக் கையிலேயே தெரிந்தது. பயிற்சியாளர் தன்னிடம் கத்தியதை அவள் சுவரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"போதும். விடு."

சொல்லும்போதே கைகளையும் எடுத்தாள். வெளியே குழாயைக் கவ்வியிருந்த கொக்கிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பார்சல் கட்டடம் கோலைத் தள்ளிவிட்டு எழும்பியது. சத்தமே இல்லை. அடுக்குகளிலிருந்த பார்சல்கள் விரற்கடை அளவு மேலே வந்து நின்றன. போஸ்ட்மாஸ்டர் ஓங்கிய முத்திரை உறையைத் தொடாமல் நின்றது. பெருக்குகிற அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், எதற்கென்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஜன்னலுக்குக் கீழே மின்கம்பி போனது. அதில் உட்கார்ந்திருந்த காக்கை இவர்களைத் தலை சாய்த்துப் பார்த்தது, பறக்கவில்லை. உடும்பு எத்தனையோ தடவை உச்சிக்கு வந்தவள்தான், ஆனால் இரண்டு கைகளும் காலியாக வந்தது இதுவே முதல் தடவை. உலகம் இவ்வளவு லேசானது என்று யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கட்டடம் தெருவுக்கு எதிர்ப்பக்கத்துக் காலி மனையில் இறங்கியது. மேசையிலிருந்த டீ சிந்தவில்லை. கோல் குழாயோடு சிமென்டைப் பெயர்த்துக்கொண்டு முறைப்படி தெருப்பக்கமாக விழுந்தது, அத்தான் அதைத் தரையில் படாமல் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டார்.

தேர்வில் உடும்பு கம்பியை இரண்டு விரல் இடைவெளியில் தாண்டினாள். உச்சியில் அவள் கைகளை விரித்ததைப் பார்த்த பயிற்சியாளர், கத்துவதற்குத் திறந்த வாயை மூட மறந்து நின்றார். கட்டடம் மின்கம்பியைத் தாண்டியது ஒரு முழ இடைவெளியில், அதனால் ஊரின் சாதனை இன்னும் பார்சல் ஆபீஸ் பேரில்தான் இருக்கிறது. தபால் போடுகிறவர்கள் இப்போது தெருவைக் கடந்து போகிறார்கள். நிழல் போயிற்றே என்று ஜீப் டிரைவருக்கு மட்டும் குறை.

அடுத்த போட்டிக்கும் ரயில்காரர்கள் கையை விரித்தார்கள். உடும்பு கோலைக் குழாயில் போட்டு, மூடி, அதே கவுன்டருக்குக் கொண்டுவந்தாள். அத்தான் முகவரியைக் கம்பியால் கட்டி, அதன்மேல் கயிற்றாலும் கட்டினார்.

"இந்தத் தடவை போய்ச் சேர்ந்துடும்மா. என்னை நம்பு."

உடும்பு தலையாட்டிவிட்டு, குழாயை அவர் கையில் கொடுத்து, தன் கையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள்.